ரீமேப்பில் நின்ற ஈசியூவை எல்லாம் மாற்றத் தேவையில்லை

ஆசிரியருக்கு,

ரீமேப்புக்கு, அதாவது என்ஜினை நடத்தும் கணினியான ஈசியூவின் நிரலை மாற்றி எழுத விட்ட டீசல் காரில் அந்த வேலை பாதியில் நின்றுபோனால், "ஈசியூ போயிடுச்சு சார், புதுசுதான் போடணும்" என்று சொல்லிவிடுவது பல பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. உள்ளே ஏதாவது எரிந்திருந்தால் அந்தப் பேச்சு சரி. எழுதும்போது நின்றுபோனதுதான் கோளாறு என்றால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

ஈசியூவில் நிரலை எழுதும் ஃபிளாஷ் கருவி முதலில் பழைய நிரலை அழிக்கும். பிறகுதான் புதியதை எழுதும். இடையில் வோல்டேஜ் இறங்கினாலோ, காரின் சோதனை போர்ட்டான ஓபிடியில் மாட்டிய கேபிள் அசைந்தாலோ நிரல் அரைகுறையாக நிற்கும். ஆனால் நம் சாலைகளில் அதிகம் ஓடும் பாஷ் இடிசி17 வகை டீசல் ஈசியூவில், பவர் வந்ததும் முதலில் எழும் சிறு நிரலான பூட்லோடர் தனிப் பகுதியில் இருக்கிறது. வழக்கமான ஓபிடி ஃபிளாஷ் அதைத் தொடாது. நிரல் முழுமையாக இல்லை என்று கண்டதும் அது என்ஜினை இயக்க மறுத்து, சரியான ஃபைலுக்காகக் காத்திருக்கும். பல கார்களில் இக்னிஷன் போட்டாலும் செக் என்ஜின் விளக்கு எரியாது. ஸ்கேனரில் ஏபிஎஸ் பேசும், என்ஜின் பேசாது. இதைப் பார்த்துத்தான் 'செத்துப்போச்சு' என்கிறார்கள்.

அந்த நிமிடத்தில் பதறி இக்னிஷனை அணைப்பதும் பேட்டரியைக் கழற்றுவதும் கூடாது. என்ஜின் ஈசியூ பேசாவிட்டால் பல கார்களில் ரேடியேட்டர் ஃபேன் தானாகவே முழு வேகத்தில் சுற்றும். அது இழுக்கும் 20, 30 ஆம்பியரில் பேட்டரி வேகமாக இறங்கி, அடுத்த முயற்சியும் வீணாகும். முதலில் ஃபேன் ஃபியூஸைப் பிடுங்குங்கள். ஹெட்லைட், புளோயர் எல்லாவற்றையும் அணையுங்கள். பிறகு 13.5 வோல்ட்டில் நிலையாக நிற்கும் பவர் சப்ளையை பேட்டரியில் மாட்டுங்கள். சாதாரண சார்ஜரின் வோல்டேஜில் ஏற்ற இறக்கம் அதிகம். இந்த வேலைக்கு அது ஆகாது.

அடுத்து, கருவியின் ரெக்கவரி முறையில் ஒரிஜினல் ஃபைலை எழுத வேண்டும், டியூனிங் ஃபைலை அல்ல. டியூனிங் ஃபைலின் செக்சம் (ஃபைல் பிழையின்றி இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்) தவறியதாலோ, அது டிஜிட்டல் கையொப்பச் சோதனையில் தோற்றதாலோ வண்டி நின்றிருந்தால், அதே ஃபைல் நூறு சதவீதம் ஏறினாலும் மறுபடி அங்கேயேதான் நிற்கும். ஈசியூ லேபிளில் உள்ள பாஷ் எண்ணும் (டீசலுக்கு 0281, பெட்ரோலுக்கு 0261 என்று தொடங்கும்) மென்பொருள் எண்ணும் ஃபைலோடு பொருந்த வேண்டும்.

இதற்கும் ஓபிடியில் பதிலே இல்லையா? இப்போது பவர் சப்ளையையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, ஈசியூக்கள் பேசிக்கொள்ளும் கேன் (CAN) வயர்கள் வரும் ஓபிடி போர்ட்டின் 6, 14 பின்களுக்கிடையே மீட்டர் வையுங்கள். ஓபிடிக்கும் அந்த வயர்களுக்கும் இடையே கேட்வே என்ற தனிப் பெட்டி குறுக்கிடாத வண்டிகளில் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் கோளாறு வயரிங்கிலோ கனெக்டரிலோ இருக்கலாம். ஃபிளாஷைக் குறை சொல்லிப் பயனில்லை.

வயரிங் சரியென்றால் ஈசியூவைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுவர வேண்டும். 12 வோல்ட் சப்ளையில் கரண்ட் அளவை 2 ஆம்பியருக்குள் கட்டுப்படுத்துங்கள். மூடியைத் திறந்து, அந்த மாடலுக்குரிய பூட் புள்ளியை 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டில் இணைத்தபடி பவர் கொடுத்தால், உள்ளிருக்கும் ட்ரைகோர் என்ற முக்கிய சிப், நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தைப் பார்க்காமல் தன் பூட் ரோமிலிருந்து (ROM) எழும். சிப் தயாராகும்போதே பதிந்த அந்த நிரலை எந்த ரீமேப்பும் அழிக்க முடியாது. எழுதுவதற்கு முன் முழுவதையும் படித்துச் சேமித்துக்கொள்ளுங்கள். சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் தரவும், ஒவ்வொரு இன்ஜெக்டரின் அளவுத் திருத்தத்தைச் சொல்லும் கோடுகளும் சிப்பின் டேட்டா ஃபிளாஷிலோ தனி ஈஈப்ராம் நினைவகச் சிப்பிலோ இருக்கும். அவற்றை நகலெடுத்து ஏற்றாமல், பழைய மார்க்கெட்டில் வாங்கிய ஈசியூவை மாட்டினால் சாவியை ஏற்காது. ஏற்றாலும் ஐடிலிங் ஆடும், புகை கக்கும்.

மூடியைத் திரும்ப ஒட்டும்போது அவசரப்படுகிறவர்கள் அதிகம். சீலன்ட் குறைந்தால் மழைநீர் இறங்கும். அதிகமாகப் பூசி காற்றுத் துளையை அடைத்தாலும் தொல்லைதான்: காற்றழுத்த சென்சார் உள்ளேயே இருக்கும் மாடல்களில் அளவு தப்பி, மலையேறும்போது வண்டி திணறும்.

இதில் பட்டறைகளைவிட உரிமையாளர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பல கருவிகள் ஓபிடியில் 'ரீட்' என்று காட்டினாலும் உங்கள் ஈசியூவை உண்மையில் படிப்பதில்லை. மென்பொருள் எண்ணை மட்டும் பார்த்து, சர்வரிலிருந்து அதற்குரிய ஃபைலை இறக்கித் தருகின்றன. அதில் உங்கள் வண்டியின் இம்மொபிலைசர் தரவு இருக்காது. ரீமேப்புக்கு முன்பே "இது முழு ரீடா, சர்வர் ஃபைலா?" என்று கேளுங்கள். முழு ரீட் என்றால் பென் டிரைவில் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். சர்வர் ஃபைல்தான் என்றால் இன்ஜெக்டர்களின் மேல் பொறித்திருக்கும் கோடுகளையாவது சிலிண்டர் வரிசைப்படி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாகன மின்னணுப் பழுதுநீக்குநர்,
கோயம்புத்தூர்