நல்ல காரியத்துக்கு விலைப்பட்டியல் வேண்டாம்: ஆன்மிகம் பேசுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மேடையில ஆன்மிகம் பேசுற பெரியவங்களுக்கும், பிரசங்கம் பண்ற போதகர்களுக்கும், பயான் பண்ற ஆலிம்களுக்கும் வணக்கம். நானும் கடவுள் நம்பிக்கை உள்ள ஆளுதான், உங்க பேச்ச கேட்டு வளர்ந்த ஆளுதான், அந்த உரிமையிலதான் இத எழுதுறேன்.

தான தர்மத்த பத்தி நீங்க பேச ஆரம்பிச்சா பேச்சு கடைசியில எங்க போய் நிக்குதுன்னு கொஞ்சம் கவனிச்சு பாருங்க. இத கொடுத்தா பல மடங்கா திரும்பி வரும், இந்த பூஜை பண்ணா கடன் தீரும், காணிக்கைய விதைச்சா ஆசீர்வாதத்த அறுக்கலாம், இந்த நாள்ல ஓதினா இவ்ளோ நன்மை கணக்குல ஏறும். வாங்குறவங்க யாரு, அவங்களுக்கு என்ன கஷ்டம், அதெல்லாம் பேச்சுலயே வராது. கொடுக்குறவங்களுக்கு என்ன கிடைக்கும்ங்கறதுலயே நேரம் முழுக்க போயிடுது.

பக்தின்னாலே சுயநலம்தான்னு சொல்றவங்க இருக்காங்க இல்லையா, சொர்க்கத்து மேல ஆசை, நரகத்துக்கு பயம், இந்த ரெண்டையும் எடுத்துட்டா உங்க பக்தியில மிச்சம் என்ன இருக்குன்னு கேக்குறவங்க, நான் அவங்ககிட்ட விடாம வாதம் பண்ற ஆளு. ஆனா அவங்களுக்கு சாட்சி எடுத்துக் கொடுக்குறது வேற யாரும் இல்ல, நீங்கதான்.

அவங்க கேக்குறது பழைய கேள்வி. மனுஷன் தன்னலத்தாலதான் இயங்குறான்னு சொன்னவரா பேர் வாங்கின தாமஸ் ஹாப்ஸ், 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர், ஒரு தடவ வயசான பிச்சைக்காரர் ஒருத்தருக்கு காசு போட்டாராம். கூட இருந்த பாதிரியார், இயேசு சொல்லலன்னாலும் நீங்க போட்டிருப்பீங்களான்னு கேக்க, போட்டிருப்பேன், அவர் நிலைமைய பாத்து எனக்கு வேதனையா இருந்துச்சு, இப்ப அவருக்கும் ஆறுதல் எனக்கும் ஆறுதல்னு பதில் சொன்னதா அவரோட நண்பர் ஜான் ஆப்ரி எழுதி வச்சிருக்காரு. பாத்தியா, கடைசியில அவரோட ஆறுதலுக்குத்தான் போட்டிருக்காருன்னு சொல்லுவாங்க. சரி, அந்த வேதனை எங்கேர்ந்து வந்துச்சு? அந்த கிழவர் மேல துளிகூட அக்கறை இல்லாதவனுக்கு வேதனையும் வராது, காசு போட்டதும் ஆறுதலும் வராது. அக்கறை முதல்ல வந்துடுச்சு, ஆறுதல் அதுக்கு அப்புறம் வந்தது. இதே வழியிலதான் ஜோசப் பட்லர்ங்கற பாதிரியார் 1726-ல வெளிவந்த பிரசங்கங்கள்ல தன்னல வாதத்துக்கு பதில் சொன்னாரு. அவரும் உங்கள மாதிரி பிரசங்கம் பண்ணவர்தான்.

சோதனையும் பண்ணி பாத்திருக்காங்க. டேனியல் பேட்சன்னு ஒரு உளவியல் பேராசிரியரும் கூட இருந்தவங்களும் 1981-ல வெளியிட்ட ஆய்வு அது, ஒரு பொண்ணுக்கு கரண்ட் ஷாக் கொடுக்குற மாதிரி (நிஜ ஷாக் இல்ல) மாணவர்கள பாக்க வச்சு, அந்த பொண்ணுக்கு பதிலா நீங்க உக்கார்றீங்களான்னு கேட்டாங்க. ஒரு பகுதி பேருக்கு மட்டும், உக்கார இஷ்டம் இல்லன்னா அதுக்கு மேல பாக்க வேண்டாம், அப்படியே கெளம்பிடலாம்னு வழி இருந்துச்சு. தன் மன சங்கடம் தீரணும்ங்கறது மட்டும்தான் காரணம்னா எந்திரிச்சு போயிருந்தாலே போதும். ஆனா அந்த பொண்ணு மேல பரிவு வர்ற மாதிரி அமைஞ்சவங்கள்ல பெரும்பாலானவங்க, போறதுக்கு வழி இருந்தும், நான் உக்கார்றேன்னு சொன்னாங்க. இதோட விவாதம் முடிஞ்சு போச்சுன்னு நான் சொல்லல, ஆனா எல்லாமே சுயநலம்னு அடிச்சு சொல்றவங்க இதுக்கு பதில் சொல்லித்தான் ஆகணும்.

உங்க முன்னோர்கள் இந்த விஷயத்துல எவ்ளோ கறாரா இருந்தாங்கன்னு உங்களுக்கே நல்லா தெரியும். பஸ்ராவுல 8-ம் நூற்றாண்டுல வாழ்ந்த சூஃபி ஞானி ராபியா, நரகத்துக்கு பயந்து உன்ன வணங்கினா என்ன நரகத்துலயே எரிச்சிடு, சொர்க்கத்துக்கு ஆசைப்பட்டு வணங்கினா அத எனக்கு தராதன்னு இறைவன்கிட்ட கேட்டதா காலங்காலமா சொல்லிட்டு வர்றாங்க. பெரியபுராணத்துல சேக்கிழார் அடியார்கள பத்தி 'கூடும் அன்பினில் கும்பிடலே அன்றி வீடும் வேண்டா விறலின் விளங்கினார்'னு பாடுறாரு, மோட்சமே வேண்டாம், கும்பிடுறதே போதும்னு இருந்தவங்களாம். புறநானூறு 134-ல முடமோசியார் ஆய் வள்ளல பத்தி பாடுறப்போ, இந்த பிறவியில செஞ்சது மறுபிறவிக்கு ஆகும்னு கணக்கு பாக்குற 'அறவிலை வணிகன்' அவன் இல்லன்னு சொல்றாரு. அறத்துக்கு விலை பேசுற வியாபாரின்னு அன்னைக்கே பேர் வச்சு ஒதுக்கின வேலைய, இன்னைக்கு மைக் வச்சு சொல்லிக் கொடுக்குறது நியாயமா?

வேதங்கள்லயே பலன் சொல்லியிருக்கே, சொர்க்கம் இருக்கே, புண்ணியம் இருக்கேன்னு நீங்க கேக்கலாம். இருக்கு, இல்லன்னு சொல்லல. கஷ்டத்துல நல்லவனா இருந்து தோத்துப் போனவனுக்கு, உன்ன ஒருத்தன் பாத்துட்டுதான் இருக்கான்னு சொல்ற ஆறுதல் அது. அதையே வாசல்ல மாட்டின விலைப்பட்டியலா ஆக்குனதுலதான் எனக்கு கோபம். புண்ணியத்துக்காக போட்டாலும் பசிச்சவன் வயிறு நிறையத்தானே செய்யுதுன்னும் சொல்லுவாங்க, வயிறு நிறையும் சரிதான், ஆனா வாங்குற கைக்கு எல்லாம் தெரியும்.

ஒரு ஆஸ்பத்திரி வார்டுல சொந்தக்காரருக்கு துணையா நான் இருந்தப்போ பாத்தது. பழம் கொடுக்க ஒரு குழு வந்தாங்க, ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருந்த ஒரு அம்மாவ கொஞ்சம் எந்திரிச்சு உக்காருங்கன்னு சொன்னாங்க, கை நடுங்க அவங்க பைய புடிச்சாங்க, கொடுக்குறவரு இன்னும் கைய எடுக்கல, போட்டோ சரியா வரலன்னு மறுபடி ஒண்ணு, இங்க பாருங்கம்மான்னு மறுபடி ஒண்ணு. அந்த அம்மா டியூப் சொருகின கைய போர்வைக்குள்ள மறைச்சுகிட்டு மூஞ்சிய கேமராவுக்கு காட்டினாங்க. வந்தவங்க கெட்டவங்க இல்ல, நல்லா பேசினாங்க, ஆனா வலிக்குதாம்மான்னு யாரும் கேக்கல. அவங்க நன்மை பதிவாயிடுச்சு, கெளம்பிட்டாங்க. பக்கத்து பெட்டுக்கு துணைக்கு இருந்த பொண்ணு, தன் அப்பாவுக்கு வெந்நீர் புடிக்க போறப்பல்லாம் இந்த அம்மா பாட்டிலையும் சொல்லாமலே எடுத்துட்டு போகும். அந்த பொண்ணு என்ன மதம்னு எனக்கு தெரியாது, கேக்கவும் தோணல.

நீங்க நல்லா பேசினா ஜனங்க நல்லது செய்வாங்கன்னும் நம்பி இருந்துடாதீங்க. 1973-ல வெளிவந்த ஒரு ஆய்வுல, பிரின்ஸ்டன்ல பாதிரியாருக்கு படிக்கிற 40 மாணவர்கள வச்சு பாத்தாங்க. வேற கட்டடத்துல போய் பேசணும்னு அவங்கள அனுப்பினாங்க, வழியில ஒருத்தர் வாசல்ல சரிஞ்சு இருமிட்டு கிடக்குறாரு (ஆய்வுக்காக நடிச்சவர்). லேட் ஆயிடுச்சு ஓடுன்னு சொல்லி அனுப்பினவங்கள்ல 10 சதவீதம் பேர்தான் நின்னாங்க, அவசரம் இல்லாதவங்கள்ல 63 சதவீதம். இதுல பாதி பேர் பேசப் போனதே வழியில அடிபட்டு கிடந்தவனுக்கு உதவின நல்ல சமாரியன் கதைய பத்தி, அது பெருசா எந்த வித்தியாசத்தையும் உண்டாக்கல. இது சுயநலம்கூட இல்ல, எதிர்ல கிடக்குற ஆள் கண்ணுல படவே இல்ல. நீங்க சொல்லித் தர வேண்டியது கண்ண திறந்து பாக்குறத, அதுக்கு பதிலா கணக்கு போட சொல்லித் தர்றீங்க.

இந்த கணக்கால வர்ற ரொம்ப பெரிய பாவம் எதுன்னு எனக்கு படுறத சொல்லிடுறேன். கொடுத்தா கிடைக்கும்னா, கிடைக்காதவங்க சரியா கொடுக்கலன்னுதானே அர்த்தம்? எனக்கு தெரிஞ்ச ஒரு அம்மா, குழந்தை நோயில போயிடுச்சு, போறதுக்கு முன்னாடி வரைக்கும் விரதம், நேர்ச்சை, ஜெபம்னு யார் எத சொன்னாலும் செஞ்சாங்க. அப்புறம் அவங்ககிட்ட வந்து, முழு நம்பிக்கையோட செஞ்சிருக்க மாட்டீங்கன்னு ஒருத்தர் சொல்லிட்டு போயிருக்காரு. வருஷங்கள் போயும் அவங்க இன்னும் எதுல குறை வச்சேன்னு யோசிச்சிட்டு இருக்காங்க. இத அவங்க தலையில ஏத்தினது நம்ம பேச்சுதான்.

பைபிள்ல யோபு கதைய எடுத்துக்கோங்க, யோபு சும்மாவா உனக்கு பயந்து நடக்குறான், நீ கொடுத்ததாலதானேன்னு கடவுள்கிட்ட கேக்குறது சாத்தான். பக்தின்னா கொடுக்கல் வாங்கல்தான்ங்கற வாதம் அங்க சாத்தானோட வாதம். எல்லாம் இழந்து புண்ணோட உக்காந்திருக்குற யோபுகிட்ட, நீ ஏதோ தப்பு பண்ணியிருக்கணும், இல்லன்னா இப்படி நடக்குமான்னு சொல்றவங்க அவனோட நண்பர்கள், அவங்க பேசுறதும் அதே கணக்குதான். கடைசியில கடவுள் கோபப்படுறது அந்த நண்பர்கள் மேல.

உங்க கூட்டத்துலயும் குழந்தைய இழந்த அந்த அம்மா மாதிரி ஒருத்தர் கட்டாயம் உக்காந்திருப்பாங்க. அடுத்த தடவ பேசுறப்போ பலன் பட்டியல விட்டுட்டு அவங்களுக்காக ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க, உங்க வேண்டுதல்ல எந்த குறையும் இல்லம்மான்னு உங்க வாயால சொல்லுங்க. நாங்க சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க, நீங்க சொன்னா நம்புவாங்க.