தந்தம் பதித்த வீணை

அன்புத் தங்கைக்கு,

நேற்று இரவு ஒன்றரை மணிக்கு நீ அனுப்பிய பட்டியலைக் காலையில் காபி ஆறுவதற்குள் இரண்டு முறை படித்தேன். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் அமெரிக்காவுக்கு, வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படிக்க, உனக்கு விமானம். இப்போது ஜூன் பத்து. கையில் இருப்பது ஒன்பது வாரம். அதற்குள் ஆறு உருப்படிகளோடு ஒரு வீணைப் பதிவு, பாதியில் நிற்கிற மூன்று சிறுகதைகளை முடித்துத் தொகுப்பைப் பதிப்பாளரிடம் கொடுப்பது, நண்பரின் நாடகத்துக்கு இசை, சிற்றிதழுக்கு மாதக் கட்டுரை, வீட்டுக்கு வரும் ஏழு பிள்ளைகளுக்கு வகுப்பு. எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில், "இப்ப முடிக்காம போனா எல்லாமே அப்படியே செத்துப்போயிடும் போல இருக்கு அக்கா" என்று போட்டிருந்தாய்.

அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம். உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியோடு இந்த வருடம் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அதனால்தான் உன்னிடம் கேட்டுக்கொண்டு எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எது முக்கியம் என்று வரிசை போடாதே. போட்டால் எல்லாமே முக்கியமாகத்தான் தெரியும், இரவு ஒன்றரை மணியாகும். எது உன்னோடு விமானம் ஏறும், எது ஏறாது என்று மட்டும் பார். கதைகள் ஏறும். அதற்கு மடிக்கணினி போதும், நோட்டுப் புத்தகம்கூடப் போதும். வீணைப் பதிவு ஏறாது. ஏன் ஏறாது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நீ பாட்டியின் வீணையைக் கொண்டுபோவதாக எழுதியிருக்கிறாய்.

அந்த வீணையை எனக்குத் தெரியும். ஒரே பலாக்கட்டையில் குடைந்த ஏகாண்டம். குடத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஓடும் கொடி வேலை. யாளியின் கழுத்தில் ஒரு இலை மட்டும் உதிர்ந்த இடம். போன மாதம் மெழுகு மாற்றத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனபோது ஆசாரி அந்த வெள்ளையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது பிளாஸ்டிக் இல்லம்மா, தந்தம்" என்றாராம். நீதான் பெருமையாகச் சொன்னாய்.

தந்தம் என்றால் அது கடல் தாண்டாது, தங்கச்சி. வனவிலங்குகளில் இருந்து வருகிற பொருட்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 'சைட்டிஸ்' என்று ஓர் உலக ஒப்பந்தம் 1975 முதல் நடப்பில் இருக்கிறது. ஆசிய யானை அதன் மிகக் கடுமையான பட்டியலில் உள்ள பிராணி. விற்கப்போவதில்லை, பாட்டி வாசித்தது, நான் வாசிக்கத்தான் கொண்டுபோகிறேன் என்றெல்லாம் சுங்கத்தில் சொல்லலாம். கையில் உரிய அனுமதிச் சான்று இல்லையென்றால் வீணையை எடுத்து வைத்துக்கொள்வார்கள். இந்த ஒன்பது வாரத்தில் அந்தச் சான்றுக்காக அலைந்து பார்க்கலாம் என்று நினைக்காதே. அந்த வீணை இங்கேயே இருக்கட்டும். நீ தினமும் பழகுகிற, துண்டுகளாகச் செய்து இணைத்த ஒட்டு வீணை அதற்காக மட்டம் இல்லை, அதைக் கொண்டுபோ.

இது தெரிந்த பிறகு பட்டியலை மறுபடி பார். பாட்டியின் வீணையில் நீ வாசிக்க இருப்பது இந்த ஒன்பது வாரம்தான். அப்புறம் இரண்டு வருடமோ மூன்று வருடமோ அது உறை போட்டு மூலையில் இருக்கும். அதனால் பதிவு முதலில். அதுவும் அந்த வீணையில்.

ஆனால் ஆறு உருப்படி வேண்டாம். ஒரு ராகம், தாளக்கட்டு இல்லாமல் லயத்தோடு மீட்டுகிற ஒரு தானம், முடிந்தால் ஒரு கீர்த்தனை. நீ வாசிக்கும் பைரவியை நான் கேட்டிருக்கிறேன். அதில் தானம் வாசித்தால் அது அந்தக் குடத்துக்குள்ளிருந்தே பிறந்தது மாதிரி இருக்கும். தானத்துக்கு வீணையைவிடப் பொருத்தமான வாத்தியம் இல்லை என்று நான் நம்புகிறேன். பக்கத்தில் ஓடும் மூன்று தாளத் தந்திகளை உன் சுண்டுவிரல் தொடுகிற இடம் ஒவ்வொன்றும் பதிவில் கேட்க வேண்டும்.

நீ போகப்போகும் ஊரோடு இதற்கு ஒரு சம்பந்தம் இருக்கிறது. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வாசிக்கக் கேட்க சென்னையின் பெரிய வித்வான்கள் எல்லாம் போய் உட்கார்ந்திருப்பார்கள். மைக் கிடையாது. சின்னக் கூடம், சின்ன நாதம். 1867இல் பிறந்து 1938இல் மறைந்தவர். இத்தனை வருட வெள்ளிக்கிழமைகளில் நம் காதுக்கு மிஞ்சியிருப்பது அவர் கடைசிக் காலத்தில், 1930களில் பதிந்த சில இசைத்தட்டுகள். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். அவருடைய பேத்தி பாலசரஸ்வதி 1962இல் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆடவும் கற்றுக்கொடுக்கவும் போனார். அடுத்த வருடம் பேரன் ரங்கநாதன் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கப் போனார். இன்னொரு பேரன் விஸ்வநாதன் அங்கேயே முனைவர் பட்டம் வாங்கி, 2002இல் மறையும்வரை அங்கேயே புல்லாங்குழலும் பாட்டும் கற்றுக்கொடுத்தார். கனெக்டிகட் ஆற்றங்கரையில் மிடில்டவுன் என்கிற அந்தச் சின்ன ஊரில் 1970களிலிருந்து நவராத்திரி விழா நடக்கிறது என்றால் அதற்கு வேர் ஜார்ஜ் டவுன் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. நீ அந்த வகுப்பறையில்தான் போய் உட்காரப்போகிறாய். எனக்கு நினைத்தாலே தொண்டை அடைக்கிறது.

மூன்று நிமிடத் தட்டு எனக்கு இவ்வளவு கொடுக்கிறதென்றால், உன் பாட்டி வீணையின் இருபது நிமிடம் உன் வீட்டாருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று யோசித்துப் பார்.

பதிவுக்கு ஸ்டுடியோ தேட வேண்டாம். உங்கள் வீட்டுப் பின்னறையே நல்லது. விடிகாலை நாலு மணிக்கு உட்கார். ஐந்தரைக்கு மேல் காக்கை, ஆறுக்கு மேல் பக்கத்து வீட்டு குக்கர். மின்விசிறியை நிறுத்து, ஃபிரிட்ஜையும் ஒரு மணி நேரம் நிறுத்து. வியர்க்கும், பரவாயில்லை, மடியில் துண்டு வைத்துக்கொள். குடத்தில் ஒட்டுகிற பிக்கப் மைக் வேண்டாம், அதில் மீட்டு மட்டும் பெரிதாகி, மீட்டியபின் நீளும் கார்வை மெலிந்துபோகும். ஒரு நல்ல கண்டென்சர் மைக்கைக் குடத்துக்கு ஒன்றரை அடி தள்ளி வைத்தால் போதும். இடது கை விரலுக்கு எண்ணெய் தொட்டுக்கொள்ளும் பஞ்சை மறக்காதே. உலர்ந்த விரல் தந்தியில் கீச்சிடுகிற சத்தம் கச்சேரியில் யாருக்கும் கேட்காது, பதிவில் முதலில் அதுதான் கேட்கும்.

இதை ஜூலை பதினைந்துக்குள் முடித்துவிடு. ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், நான் அப்படிச் செய்யாமல் போனவள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் டொராண்டோ கிளம்பியபோது எனக்கும் இப்படி ஒரு பட்டியல் இருந்தது. பதிவைக் கடைசிக்குத் தள்ளினேன். விமானத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்தேன். அதற்கு முந்தின இரண்டு வாரம் பெட்டி கட்டுவது, வங்கி, சொந்தக்காரர் வீடுகள் என்று ஓடியதில் வாசித்துப் பழகவே இல்லை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி பதிந்து பதிந்து காய்த்திருந்த கோடு மெத்தென்று ஆகிவிட்டிருந்தது. காந்தாரத்தை இழுத்தால் விரல் எரிந்தது, கமகம் பாதியிலேயே நின்றது. அந்தப் பதிவை இன்றுவரை நான் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை.

வீணை போய்ச் சேர்ந்த கதை இன்னொன்று. பெட்டியைத் திறக்கிறேன், தந்திக்கு அடியில் ஸ்வர இடங்களைக் காட்டும் மெட்டுகளில் ஏழு மெழுகிலிருந்து பெயர்ந்து உறைக்குள் கிடந்தன. ஜனவரி மாதம். நம் ஊர் வெயிலில் இளகுகிற மெழுகு அந்தக் குளிரில் இறுகி விரிசல் விட்டிருந்தது. மெட்டுகளை மெழுகில் சுருதி பார்த்துப் பதிக்க, அதாவது மேளம் கட்டத் தெரிந்தவர் யாரும் என் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை. ஐந்து மாதம் அந்த வீணை கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

ஆகவே தஞ்சாவூருக்கு மறுபடி ஒரு நாள் போய்விட்டு வா. வாசிக்க இல்லை, உட்கார்ந்து பார்க்க. தேன்மெழுகும் குங்கிலியமும் கரித்தூளும் சேர்த்துக் காய்ச்சின அந்தக் கறுப்பு மெழுகில் ஆசாரி மெட்டை எப்படிச் சூடு காட்டி அழுத்துகிறார், தந்தியை மீட்டிப் பார்த்து ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே என்று எப்படி நகர்த்துகிறார் என்று பார். இருபத்து நான்கு மெட்டுக்கும் மேளம் கட்ட நீ ஒரு நாளில் கற்றுக்கொள்ள முடியாது. பெயர்ந்த ஒரு மெட்டைத் திரும்ப உட்கார வைக்கக் கற்றுக்கொள்ளலாம். இரண்டு கட்டி மெழுகும் கேட்டு வாங்கிக்கொள்.

பயணத்துக்குத் தந்திகளைத் தளர்த்து, ஆனால் முழுக்கக் கழற்றாதே, தந்திகளைத் தாங்கும் குதிரை இடம் மாறிவிடும். வீணையின் கழுத்தடியில் மாட்டியிருக்கும் சுரைக்காயைக் கழற்றித் தனியாகத் துணிகளுக்கு நடுவில் வை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்கு மேல் போனால் பெரும்பாலான விமானங்களில் கூடுதல் கட்டணம். வீணைப் பெட்டி நிச்சயம் தாண்டும். முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிவிடு. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் காற்று வறண்டுபோகும், பலாமரம் வெடிக்கும். அறைக்கு ஒரு ஹியூமிடிஃபையர் அவசியம்.

இன்னொன்றும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மாணவர் விசாவில், அதாவது எஃப்-1இல், முதல் வருடம் வளாகத்துக்கு வெளியே சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. சபாவில் வாசித்துச் சன்மானம் வாங்குவதும் அதில் அடங்கும். நியூ ஜெர்சி மாமா பேசி வைத்திருக்கிறார் என்று நீ சொன்ன கச்சேரிக்கு, பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதே.

சரி, மற்றவை.

நாடகத்துக்கு இசை வேண்டாம் என்று சொல்லிவிடு. இந்த வாரமே சொல்லு. ஆகஸ்டில் கைவிரித்தால்தான் நட்பு கெடும், ஜூனில் சொன்னால் அவர் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்.

பிள்ளைகள் விஷயத்தில் நீ எழுதியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. போனதும் ஆன்லைனில் தொடர்வேன் என்று ஏழு வீட்டுக்கும் சொல்லியிருக்கிறாய். இங்கே சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி என்றால் அங்கே காலை ஏழரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு ஆறரை. முதல் பருவத்தில் வெள்ளிக்கிழமை இரவு முழுக்கப் படித்துவிட்டு விடிந்தும் விடியாமலும் ஜண்டை வரிசை சொல்லிக்கொடுப்பாயா? ஒரு குழந்தை ஒரு வாரம் வகுப்பு இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளும், மூன்றாவது வாரம் வீணைப் பக்கமே போகாது. உன் குருவிடம் பேசு. ஜூலையில் ஒவ்வொரு பிள்ளையையும் நீயே கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வா. எந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் விரல் தடுக்குகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடு.

மாதக் கட்டுரையை நிறுத்த வேண்டாம். அது உன்னைத் தமிழோடு கட்டி வைக்கும் கயிறு, அங்கே போனபின் அருமை தெரியும்.

இப்போது கதைகள். இதற்குத்தான் நீ அதிகம் பயப்படுகிறாய் என்று நினைக்கிறேன். தெருச் சத்தம் காதில் விழாமல் எப்படி அக்கா எழுதுவது என்று முன்பே ஒருமுறை கேட்டாய். டொராண்டோவில் வீணை கட்டிலுக்கு அடியில் கிடந்த அந்த ஐந்து மாதம் நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறை ஒன்று உண்டு. எட்டு மெஷின்கள், கதகதப்பு, சோப்பு வாசனை. துணி சுற்றி முடிய நாற்பது நிமிடம் ஆகும். அந்த நாற்பது நிமிடம் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுதுவேன். சென்னையில் ஒன்றரை வருடம் நகராமல் நின்ற கதையில் ஒரு பாட்டி இருந்தாள், என்ன செய்தும் வாயைத் திறக்க மாட்டாள். அந்த அறையில் உட்கார்ந்து இரண்டு மாதமாகத் தமிழே காதில் விழாமல் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் திடீரென்று, "ஏட்டி, அந்தச் சொளவை எடு" என்றாள். என் அம்மாவைப் பெற்ற ஆச்சி பேசுகிற திருநெல்வேலிப் பேச்சு. சென்னையில் இருந்தவரை அந்தக் குரல் எனக்குக் கேட்டதே இல்லை. கதை அந்த மாதமே முடிந்தது.

அதனால் அந்த மூன்று கதைகளையும் இப்போது பிடித்து இழுக்காதே. பதிப்பாளரிடம் அடுத்த புத்தகக் கண்காட்சிக்கு இல்லை, அதற்கடுத்ததற்குத் தருகிறேன் என்று சொல்லிவிடு. முகம் சுளிப்பார், அவ்வளவுதான். ஆனால் இந்த ஒன்பது வாரத்தில் ஒன்று செய். கதை எழுதாமல், கேட்டதை மட்டும் எழுது. கீரைக்காரம்மா பேரம் பேசும் வரி, ரயிலில் ஒருத்தி போனில் திட்டினது, பாட்டியின் வீணையைப் பார்த்து அப்பா முணுமுணுப்பது. ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும். அந்த நோட்டைச் செக்-இன் பெட்டியில் போடாதே, கைப்பையில் வை.

என்னுடைய வீணைப் பெட்டி பரணில் சும்மாதான் இருக்கிறது. உள்ளே பஞ்சு அடைத்தது, ஒரு பிடி மட்டும் ஆடும். ஞாயிற்றுக்கிழமை இறக்கித் துடைத்து வைக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போ. வரும்போது பாட்டியின் வீணையையும் கொண்டு வா. பதிவுக்கு முன்னால் ஒருமுறை பைரவி தானத்தை எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும் எனக்கு.

அன்புடன்,
அக்கா