எந்த நொதி என்பதே கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

மூளைப் புற்றுக்கட்டிகளில் சர்க்கரையைச் சிதைக்கும் நொதிகள் மிகுந்திருப்பது பற்றிய கட்டுரை படித்தேன். தகவல் சரி. 'ஆகவே சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும்' என்று முடித்ததுதான் இடிக்கிறது. சோற்றை அடியோடு நிறுத்தினாலும் கல்லீரல் புரதத்திலிருந்து குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டேதான் இருக்கும். மெலிவது நோயாளிதான். (மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்சாமெத்தசோன் ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். அதைக் கட்டுக்குள் வைக்கத்தான் வேண்டும். அது வேறு விஷயம்.)

குளுக்கோஸைச் சிதைப்பதில் முதல் படியைச் செய்யும் நொதி ஹெக்சோகைனேஸ். இயல்பான மூளை அதன் முதல் வகையான ஹெக்சோகைனேஸ்-1ஐ வைத்தே காலம் தள்ளுகிறது. கிளியோபிளாஸ்டோமா என்ற வீரியமிக்க மூளைப் புற்றில் ஹெக்சோகைனேஸ்-2 தலைதூக்குகிறது. டொரன்டோ ஆய்வாளர்கள் 2011இல் இந்த இரண்டாம் வகையை அடக்கியதும் புற்றுச்செல்கள் மறுபடி ஆக்சிஜனைக் கொண்டு குளுக்கோஸை எரிக்கத் தொடங்கின. எலிகளும் கூடுதல் நாள் உயிர்வாழ்ந்தன. முதல் வகையை அடக்கியபோது அந்த மாற்றம் வரவில்லை.

மாத்திரை வரை வந்திருப்பது ஐடிஹெச் என்ற இன்னொரு நொதியின் கதை. கட்டுரையில் அது இல்லாதது பெரிய குறை. இங்கே சிக்கல் அளவில் இல்லை, அமைப்பில். அதன் 132ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் போய் ஹிஸ்டிடின் வந்தால், அந்த நொதி 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்ற வேதிப்பொருளைத் தயாரித்துக் குவிக்கிறது. அது டிஎன்ஏவின் மெத்தில் குறிகளை (மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் வேதி அடையாளங்களை) அகற்றும் நொதிகளை முடக்க, செல் முதிர்ச்சியடையாமல் பெருகுகிறது. இப்படி மாறிய நொதியைத் தடுக்கும் வோராசிடெனிப் என்ற மாத்திரை, அறுவை சிகிச்சை மட்டும் செய்துகொண்ட, ஐடிஹெச் மாற்றமுள்ள 'கிரேடு 2' மூளைக்கட்டி கொண்ட 331 பேரிடம் சோதிக்கப்பட்டது. நோய் முற்றாமல் கழிந்த காலம் மருந்து எடுத்தவர்களுக்கு 27.7 மாதம் (இடைநிலை மதிப்பு), வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 11.1 மாதம். அமெரிக்கா 2024 ஆகஸ்டில் அனுமதித்தது. கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் முதல் இரண்டு மாதம் இரு வாரத்துக்கொருமுறை ரத்தப் பரிசோதனை தேவை.

பயாப்ஸி அறிக்கையில் 'ஐடிஹெச் நெகட்டிவ்' (மாற்றம் இல்லை) என்றிருந்தால் அத்துடன் விட்டுவிடக் கூடாது. வழக்கமான ஆன்டிபாடி சாயம் மேற்சொன்ன ஒரே மாற்றத்தைத்தான் காட்டும்; பத்தில் ஒன்று போல வேறு மாற்றங்கள் அதில் தப்பிவிடும். கட்டியின் ஓரத்தில் எடுத்த துணுக்கில் புற்றுச்செல் குறைவாக இருந்தாலும் ஏமாற்றும். 55 வயதுக்குட்பட்டவர் என்றால் மரபணு வரிசைச் சோதனையைக் கேட்டுச் செய்யவேண்டும். திசு நாள்கணக்கில் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறினால் டிஎன்ஏ துண்டுதுண்டாகி, அந்தச் சோதனை பலிக்காமல் போகலாம். வேறு மருத்துவமனைக்கு மாறும்போது சாயமேற்றிய கண்ணாடித் தகட்டோடு திரும்பிவிடாமல், மரபணுச் சோதனைக்குத் தேவைப்படும் பாரஃபின் பிளாக்கையும் (திசுவைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டு) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

– நோய்க்குறியியல் மருத்துவர், மதுரை