தம்பியின் ஃபார்மரைக் கண்காட்சிக்குக் கொண்டு போக வேண்டாம்

ராச்செஸ்டர், நியூயார்க்
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம். நலமறிய ஆவல். உங்கள் கடிதமும், தம்பி படம் வரைந்து வைத்திருந்த மூன்று தாள்களும் வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லையே கண்ணு என்று அம்மா ஓரத்தில் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். போனில் பேசும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்ட மாதிரி இருக்கிறது. வைத்த பிறகுதான் ஒன்றுமே சொல்லவில்லை என்று தெரிகிறது.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மோட்டாருக்குக் காயில் சுற்றத் தம்பி செய்த ஃபார்மரை, அந்தக் குச்சி வைத்த அச்சை, அடுத்த மாதம் கோவை கொடிசியா கண்காட்சியில் வைக்க வேண்டாம். ஸ்டாலுக்குப் பணம் கட்டியாகிவிட்டது என்றால் கம்பி சுற்றி வார்னிஷ் போட்ட மோட்டார் ஸ்டேட்டர்களை வையுங்கள், பழைய மர ஃபார்மர்களை வையுங்கள். புதியதைப் பட்டறைக்குள்ளேயே துணி போட்டு மூடி வையுங்கள். காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

குளிரைப் பற்றி அம்மா கேட்டிருந்தீர்கள். ஊருக்கு வடக்கே ஒன்டாரியோ ஏரி. குளிர்காற்று அந்தத் தண்ணீர் மேல் வரும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து கரை ஏறியதும் பனியாகக் கொட்டிவிடுகிறது. வருஷத்துக்குச் சராசரி 100 அங்குலம். இட்லி மாவு சமையல் மேடையில் வைத்தால் இரண்டு நாளானாலும் அப்படியே கிடக்கும். பேக்கிங் அடுப்பைப் பற்ற வைக்காமல் அதற்குள் இருக்கும் 40 வாட் பல்பை மட்டும் எரியவிட்டு, மாவை உள்ளே வைத்துக் கதவை மூடினால் 12 மணி நேரத்தில் பொங்கிவிடுகிறது. பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. காரை விற்றுவிட்டேன். பனியைத் தோண்டி அதை வெளியே எடுப்பதே பெரும்பாடு, பஸ் தெருமுனையிலேயே நிற்கிறது. அதனால் ஒரு சிரமமும் இல்லை.

மகளுக்கு என்ன வேலை என்று பெரியம்மா கேட்டால் வக்கீல் என்று சொல்லாதீர்கள். நான் பேட்டன்ட் ஏஜென்ட், கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை மனு எழுதுகிறவள். இஞ்சினியரிங்கோ விஞ்ஞானமோ படித்தவர்கள் எழுதும் தேர்வு அது: 100 கேள்விகள், மூன்று மணி நேரமாக இரண்டு அமர்வு, 70 சதவீதம் வாங்க வேண்டும். தேறியவர்கள் பேட்டன்ட் ஆபீஸுக்கு மனு எழுதலாம், அங்கே வாதாடலாம். கோர்ட்டுக்குப் போக முடியாது. என்னைப் போல வேலை விசாவில் இருப்பவர்களுக்கு முழுப் பதிவு கிடையாது, வரம்புக்கு உட்பட்ட அனுமதி மட்டும்தான். இந்த வேலை இருக்கும்வரை அது செல்லும். வேலை நன்றாகவே போகிறது, அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்பா, இந்த வேலையில் பாதி உங்களிடம் கற்றதுதான். கருகிய மோட்டார் வந்ததும் நீங்கள் கம்பியைப் பிரிக்க மாட்டீர்கள். ஸ்டார் இணைப்பில் இரண்டு ஃபேஸ் கருகி ஒன்று மட்டும் நிறம் மாறாமல் இருந்தால் சிங்கிள் ஃபேஸிங், அதாவது ஒரு ஃபேஸ் வராமலே ஓடியிருக்கிறது. எல்லாமே ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு, இல்லையென்றால் பேரிங் பிடித்திருக்கிறது. ஒரே காயிலில் மட்டும் கரி இருந்தால் கம்பியின் எனாமல் பூச்சு உரிந்து சுற்றுக்குச் சுற்று ஷார்ட். காரணம் தெரிந்த பிறகுதான் கட்டர் எடுப்பீர்கள். இங்கேயும் கண்டுபிடித்தவர் வந்து உட்கார்ந்தால் நான் முதலில் கேட்பது, இது வருவதற்கு முன்னால் என்ன கெட்டுக்கொண்டிருந்தது என்பதைத்தான். அந்தப் பதிலில் இருந்துதான் க்ளெய்ம் எழுத முடியும்.

க்ளெய்ம் என்பது உரிமை எதுவரை என்று சொல்லும் ஒரே வாக்கியம். நிலத்துக்குச் சர்வே எல்லை மாதிரி. ஃபார்மரின் குச்சி மாதிரி ஒரு பாகத்தை முதல் முறை சொல்லும்போது 'ஒரு குச்சி' என்று சொல்ல வேண்டும், அடுத்த தடவை 'அந்தக் குச்சி'. முன்னால் 'ஒரு' வராமல் 'அந்த' வந்தால் எந்தக் குச்சி என்று மனுவைச் சோதிக்கும் எக்ஸாமினர் திருப்பி அனுப்புவார். 'ஆறு குச்சிகள்' என்று எழுதினால் பக்கத்துப் பட்டறைக்காரர் ஐந்து குச்சி வைத்துச் செய்துவிட்டுப் போவார். அதனால் முதல் க்ளெய்மில் 'பல குச்சிகள்' என்று எழுதி, ஆறு என்பதை அதைச் சார்ந்த இன்னொரு க்ளெய்மில் சொல்வோம். எக்ஸாமினர் மறுத்தால் பதிலுக்கு மூன்று மாதம். கூடுதல் கட்டணம் கட்டி ஆறு மாதம்வரை இழுக்கலாம், அதற்கு மேல் போனால் மனு கைவிடப்பட்டதாக ஆகிவிடும். திருத்தும்போது சேர்த்த சொல்லுக்கு அடிக்கோடு, எடுத்த சொல்லுக்குக் குறுக்குக்கோடு. எனக்கு இந்த வேலை உண்மையிலேயே பிடித்திருக்கிறது.

இந்த ஊருக்கும் என் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. ஜெராக்ஸ் இங்கேதான் வளர்ந்தது. அதைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன், நியூயார்க்கில் ஒரு கம்பெனியின் பேட்டன்ட் பிரிவில் வேலை பார்த்தவர். பேட்டன்ட் தாள்களுக்கு நகல் எடுத்தே அலுத்துப்போனவர், இரவில் சட்டம் படித்துக்கொண்டே வீட்டுச் சமையலறையில் கந்தகம் உருக்கியவர். 1938 அக்டோபர் 22 அன்று ஆஸ்டோரியாவில் ஓர் அறையில், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார். தேதியும் ஊர்ப்பெயரும் மையால் எழுதிய கண்ணாடியை அதன்மேல் வைத்துப் பலமான வெளிச்சம் காட்டினார். கண்ணாடியை எடுத்துவிட்டு லைக்கோபோடியம் என்ற செடிப் பொடி தூவி ஊதியதும் எழுத்து அப்படியே நின்றது. பிறகு அதை மெழுகுத்தாளில் ஒற்றி எடுத்தார். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னேற்றம் இறங்கிவிடும், எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் தங்கும், பொடி அங்கே மட்டும் ஒட்டும். 1942-இல் பேட்டன்ட் கிடைத்தது. ஆபீஸ்களுக்கான 914 என்ற இயந்திரம் 1959-இல்தான் வந்தது. 9-க்கு 14 அங்குலத் தாள் வரை எடுக்கும் என்பதால் அந்தப் பெயர். பகலில் பேட்டன்ட், இரவில் கைவேலை என்று இருந்த மனிதரை இந்த ஊரில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

கீழ்வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, ஓய்வு பெற்ற டூல்மேக்கர். விடியற்காலை ஐந்து மணிக்குத் தன் வாசல் பனியோடு என் படிக்கட்டுப் பனியையும் தள்ளிவிடுகிறார், கதவைத் தட்டினால் மட்டும் திறப்பதில்லை. பேஸ்மென்டில் லேத் இருக்கிறது. குழந்தை உணவு பாட்டில்களின் மூடிகளைக் கூரைக் கட்டையில் ஆணி அடித்து, பாட்டிலைத் திருகித் தொங்கவிட்டிருக்கிறார். திருகாணி எல்லாம் அளவுவாரியாக அதில்தான். ஒருநாள் ஒரு பழைய ஐந்து வால்வ் ரேடியோவை என் வாசலில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு சீட்டு: 'ஹம்'. ரேடியோ ரீங்காரம் போடுகிறது என்று அர்த்தம்.

தம்பிக்கு இந்த விவரம் பிடிக்கும். இந்த வகை ரேடியோவில் பவர் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. ஐந்து வால்வையும் சூடாக்கும் ஹீட்டர் இழைகள் சீரீஸில், ஒன்றன்பின் ஒன்றாக: 12 வோல்ட்டில் மூன்று, 50-இல் ஒன்று, 35-இல் ஒன்று, மொத்தம் கிட்டத்தட்ட 121 வோல்ட், நேராக லைனில். ஒன்று அறுந்தால் ஐந்தும் அணைந்துவிடும். பிளக்கை எந்தப் பக்கம் செருகினோம் என்பதைப் பொறுத்து உள்ளே இருக்கும் உலோகச் சட்டமே லைவ் ஆகிவிடலாம், அதனால் லைனிலிருந்து பிரித்து வைக்கும் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கைவைக்கக் கூடாது. டயல் விளக்கு, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வின் ஹீட்டரில் ஒரு பகுதியோடு சேர்ந்தது. விளக்கு ஃபியூஸ் போனதைக் கவனிக்காமல் ஓட்டினால் அந்தப் பகுதிக்குச் சுமை கூடி வால்வே போய்விடும்.

ஷார்ட் இருந்தால் கருவி எரியாமல் காக்கும் உங்கள் சீரீஸ் பல்பைத்தான் முதலில் செய்தேன், அப்பா. மரப்பலகை, ஹோல்டர், பிளக் பாயின்ட், 60 வாட் குண்டு பல்பு. எல்இடி போட்டால் பயனில்லை, இழை சூடாகி ரெசிஸ்டன்ஸ் ஏறினால்தான் ஷார்ட்டைத் தாங்கும். குண்டு பல்பு இப்போது கடையில் அரிது, பெரியவர் கொடுத்தார். ஹம்முக்குக் காரணம் ஃபில்டர் கண்டென்சர் காய்ந்துபோனது. 50-உம் 30-உம் மைக்ரோஃபாரட் சேர்ந்த பழையதற்கு 47, 33 என்று இரண்டு, 160 வோல்ட் போட்டேன். காகிதக் கண்டென்சர்களைச் சோதித்துப் பார்ப்பதே வீண், எல்லாம் கசியும், 0.05 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 0.047, 630 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர் போட்டேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்றி மாற்ற வேண்டும், மொத்தமாக வெட்டிவிட்டால் எது எங்கே என்று தெரியாது.

பல்பு பிரகாசமாக எரிந்து மெல்ல மங்கியது. வால்வ் சூடேறி, தூசி கருகும் வாசனை வந்தது. வார்னிஷ் போட்ட ஸ்டேட்டரை உலர்த்தும் அடுப்பில் வைத்ததும் பட்டறை முழுக்க வருமே, அதோடு சேர்ந்த வாசனை. நான் முள்ளை நேராக 999-க்குத் திருப்பினேன். நம் பட்டறை ரேடியோவில் கோவை வானொலி நிற்கும் இடம். இந்த நாட்டில் ஏ.எம். நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வருகின்றன, நம் ஊரில் 9. அதனால் 999 என்ற இடமே இங்கே கிடையாது, 990-க்கும் 1000-க்கும் நடுவில் இரைச்சல்தான். அந்த இரைச்சலை வெகுநேரம் வைத்திருந்தேன். அம்மா டீ எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் வரும் நேரம் இங்கே நடுராத்திரி ஆகிறது.

சரி, ஃபார்மர் விஷயம். அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியே காட்டினாலும் மனு போட ஒரு வருஷம் அவகாசம் உண்டு. நம் நாட்டில் பொதுவாக அது இல்லை. கண்காட்சிகளைப் பொறுத்தவரை, மத்திய அரசு கெஜட்டில் அறிவித்ததற்கு மட்டும் நம் பேட்டன்ட் சட்டத்தின் 31-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. மற்றக் கண்காட்சியில் காட்டினால் புதியது என்ற தகுதி அன்றே போய்விடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வீடியோ போட்டாலும் அதே கதிதான், தம்பியிடம் சொல்லுங்கள்.

நான் தேடிப் பார்த்தேன். குச்சிகளை நகர்த்தி அளவு மாற்றும் ஃபார்மர் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே ஸ்க்ரூவில் எல்லாக் குச்சியும் நகர்வதும் இருக்கிறது. அவற்றை மட்டும் சேர்த்து எழுதினால் தெரிந்த பொருள்களின் அடுக்கு என்று அதே சட்டத்தின் 3(எஃப்) பிரிவில் தள்ளிவிடலாம். தம்பியுடையதில் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது: லிவரைத் திருப்பினால் ஓரக் குச்சிகள் உள்பக்கம் சாய்கின்றன, காயில் இழுக்காமல் கழன்று வருகிறது, எனாமல் உரசுவதில்லை. லிவரை விட்டால் குச்சி பழைய அளவிலேயே வந்து நிற்கிறது, அடுத்த காயிலின் ஓவர்ஹேங், அதாவது ஸ்டேட்டருக்கு வெளியே நீட்டும் அளவு, மாறுவதில்லை. ஆனால் அவன் வரைந்த தாளில் சாய்வது மட்டும்தான் இருக்கிறது. எதனால் அதே இடத்துக்குத் திரும்புகிறது என்பது இல்லை. அடியில் இருக்கும் கேம் (குச்சியைத் தள்ளும் பாகம்), ஸ்பிரிங், ஸ்டாப்பர் மூன்றையும் வெட்டுத்தோற்றமாக வரையச் சொல்லுங்கள். ஒரே செட்டிங்கில் பத்துக் காயில் சுற்றி அளவெடுத்து, மர ஃபார்மரிலும் பத்துச் சுற்றி அளவெடுத்துப் பக்கத்தில் எழுதட்டும்.

முதலில் தற்காலிக விவரணம் (புரொவிஷனல் மனு) போடலாம்: படிவம் 1, படிவம் 2, படங்கள். தனிநபருக்கு இணையத்தில் கட்டணம் 1,600 ரூபாய். போட்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரணமும், கண்டுபிடித்தவர் யார் என்ற படிவம் 5-உம் போக வேண்டும். பரிசோதனைக்குப் படிவம் 18, 4,000 ரூபாய், 31 மாதத்துக்குள். தற்காலிகத்தில் எழுதாத எதற்கும் அந்தத் தேதி கிடைக்காது, அதனால்தான் கேமை விடக் கூடாது என்கிறேன். நான் இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் இல்லை, கையெழுத்துப் போட முடியாது. தம்பி தன் பெயரிலேயே சென்னை கிண்டியில் உள்ள பேட்டன்ட் அலுவலகத்துக்குப் போடலாம், டிஜிட்டல் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஃபவுண்டரி மாமா தன் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அச்சு வார்க்கப் பணம் கொடுத்ததால் ஒருவர் கண்டுபிடித்தவர் ஆக மாட்டார். விண்ணப்பதாரராகச் சேர்க்கச் சட்டத்தில் வழி உண்டு, ஆனால் வேண்டாம். 50-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் இருவருக்கும் சரிபாதி. அவர் நம்மைக் கேட்காமலே செய்து விற்கலாம், லாபக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் வேறு ஒருவருக்கு லைசென்ஸ் கொடுக்க வேண்டுமென்றால் நமக்கு அவர் சம்மதம் வேண்டும். அவர் கொடுத்த 40,000-ஐக் கடனாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பங்குனிக்குள் நான் அனுப்பிவிடுகிறேன். போன மாதம் தொகை குறைந்தது பேங்க் மாற்றிய குழப்பத்தால்தான், வேறொன்றுமில்லை.

இன்னொன்று, அப்பா, உங்களிடம் மட்டும் கேட்க வேண்டியது. குச்சி சாய வேண்டும் என்று முதலில் சொன்னது யார்? நீங்கள் என்றால் படிவத்தில் உங்கள் பெயரும் இருந்தாக வேண்டும், பையனுக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது. மர ஃபார்மரில் நீங்கள் குச்சிக்கும் கம்பிக்கும் நடுவில் லெதராய்டு பேப்பரை (மின்காப்புக் காகிதம்) மடித்துச் செருகி, சுற்றி முடித்ததும் அதை முதலில் உருவிக் காயிலைத் தளர்த்துவீர்களே, அதை முன்பிருந்த முறை என்று முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். அந்தப் பத்தியை நான் எழுதித் தருகிறேன். பேப்பர் எத்தனை மடிப்பு என்று மட்டும் சொல்லுங்கள். எனக்கு மூன்று என்று ஞாபகம்.

அன்புடன்,
உங்கள் மகள்