எத்தனை திருப்பம் என்று எண்ணுவதா விமரிசனம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் திரை விமரிசனத்தில், கடைசி அரை மணி நேரத்தில் மட்டும் ஐந்து ட்விஸ்ட் வருகிறது என்று வியந்து, அதற்காகவே அந்த த்ரில்லருக்கு மதிப்பெண்ணைக் கூட்டியிருக்கிறீர்கள். கதை, நடிப்பு, ஒளிப்பதிவு, இசை என்ற கட்டங்களுக்குக் கீழே ‘ட்விஸ்ட்’ என்று புதிதாக ஒரு கட்டம். அதில் ஐந்துக்கு ஐந்து. அந்தப் படத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. என் வருத்தம் அந்தப் படத்தின் மேல் இல்லை. திரைக்கதை தெரிந்தவர்கள் நடத்தும் பத்திரிகை என்று நம்பி வாசிக்கும் இடத்தில் இப்படி ஒரு கணக்கு வந்துவிட்டதே என்பதுதான் மனதை அறுக்கிறது.

ஒரு திருப்பம் வைக்க எவ்வளவு வேலை ஆகும் என்பது நீங்கள் அறியாததல்ல. கதையைப் பேசி உருவாக்கும் டிஸ்கஷனில் முதலில் உண்மையில் நடந்ததை, நடந்த வரிசைப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்: கொன்றது யார், எத்தனை மணிக்கு, அப்போது மற்றவர்கள் எங்கே இருந்தார்கள். அதற்குப் பக்கத்திலேயே, பார்ப்பவர் ஒவ்வொரு சீனிலும் எதை நம்பிக்கொண்டிருக்கிறார் என்று இன்னொரு பத்தி. இரண்டேகால் மணி நேரப் படத்துக்கு அறுபது, எழுபது சீன் வரும். அத்தனையும் இரண்டு பத்திக்கும் பொருந்த வேண்டும். பிறகு லீட், அதாவது பின்னால் வரப்போகும் திருப்பத்துக்கு முன்கூட்டியே போட்டு வைக்கும் தடயம். ஒரு திருப்பத்துக்கு மூன்று லீடாவது வேண்டும். முதலாவது இடைவேளைக்கு வெகு முன்பே, பார்ப்பவர் கவனம் வேறொன்றில் இருக்கும்போது, ஒரு பொருளாகவோ ஒரு பழக்கமாகவோ வந்து போய்விட வேண்டும். இரண்டாவது, இரண்டு அர்த்தம் தரும் ஒரு வசனமாக இருக்கலாம். மூன்றாவதை, திருப்பத்தை உடைக்கும் இடத்துக்கு ஒட்டி வைத்தால் தியேட்டரில் பாதிப் பேர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஆகவே நடுவில் ஏழெட்டு சீனாவது ஓட வேண்டும்.

இரண்டாவது திருப்பம் வந்தால் மூன்றாவது பத்தி வந்துவிடுகிறது. ஐந்து திருப்பம் என்றால் ஆறு பத்தி. ஒரே சீன் ஆறு கதைக்கும் நியாயமாக இருந்தாக வேண்டும். அப்படி ஒரு சீனை எழுதுவது யாராலும் ஆகாது. அதனால் சீனையே பொய் சொல்ல வைத்துவிடுகிறார்கள்.

இப்படி ஒரு சீனை நினைத்துப் பாருங்கள். மனைவி இறந்த செய்தி போனில் வருகிறது. கணவன் சமையலறையில் தனியாக நிற்கிறான். கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்து தண்ணீர் தரையெல்லாம் ஓடுகிறது. சுவரோடு சரிந்து உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு குமுறுகிறான். க்ளோஸ்-அப். பின்னணியில் ஒற்றை வயலின். நாலாவது திருப்பத்தில், கொன்றதே அவன்தான் என்கிறார்கள். அப்படியானால் ஆளில்லாத சமையலறையில் அவன் யாருக்காக அழுதான்? வாசலில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தியிருந்தால் போதும், அதே அழுகை அந்தக் கணவன் போட்ட நாடகமாகியிருக்கும். இப்போது அது இயக்குநரும் இசையமைப்பாளரும் சேர்ந்து சொன்ன பொய்யாகிவிட்டது. நடித்தவரையும் யோசித்துப் பாருங்கள். துக்கமா, குற்ற உணர்ச்சியா, நடிப்புக்குள் நடிப்பா, எதைக் காட்டச் சொன்னார்கள் அவரிடம்?

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். 1964-இல் தாதா மிராசி இயக்கத்தில் வந்த ‘புதிய பறவை’ இருக்கிறது. வந்து அறுபது வருடம் தாண்டிவிட்டதால் முடிவைச் சொல்வது தப்பில்லை. இறந்த மனைவி சித்ரா என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி வீட்டுக்குள் வந்து நிற்கிறாள். அவள் சித்ரா இல்லை என்று கணவன் கோபால் கதறுகிறான், யாரும் நம்பவில்லை. முதல் தடவை பார்க்கும்போது அவன் சதியில் சிக்கிய அப்பாவி. முடிவு தெரிந்து பார்க்கும்போது, அவள் சித்ரா இல்லை என்பது தனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல முடியாத குற்றவாளி. இரண்டு பார்வையிலும் அவள் சித்ரா இல்லை என்று அவன் சொல்வது உண்மை, அவன் பயம் உண்மை. கோபாலாக நடித்த சிவாஜி அந்தக் கதறலின் ஒரு க்ளோஸ்-அப்பில்கூட நம்மை ஏமாற்றவில்லை. சித்ரா இறந்தது தன் கையால்தான் என்ற உண்மை அவன் வாயாலேயே வந்துவிட்ட அதே காட்சியில்தான், அவன் காதலிக்கும் லதா போலீஸ் என்பதும் தெரிகிறது. ஒரே முடிச்சின் இரண்டு முனையும் ஒன்றாக அவிழ்வதால் இரண்டுமே நிற்கின்றன. உங்கள் கட்டத்தில் அதற்கு ஐந்துக்கு என்ன போடுவீர்கள்? ஒன்றா, இரண்டா?

ஹிட்ச்காக் 1958-இல் எடுத்த ‘வெர்டிகோ’வில் இதற்கும் ஒரு படி மேலே போனார். மூலமான பிரெஞ்சு நாவல் கடைசி வரை பொத்தி வைத்திருந்த ரகசியத்தை அவர் படம் முடிய நிறைய நேரம் இருக்கும்போதே பார்வையாளரிடம் உடைத்துவிட்டார். கதாநாயகனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அவன் எப்போது தெரிந்துகொள்வான், தெரிந்தால் என்ன செய்வான் என்ற பதைப்பிலேயே மிச்சப் படம் நகர்கிறது. ஒரு கணம் தூக்கிப் போடுகிற அதிர்ச்சியை விலையாகக் கொடுத்துவிட்டு, நீண்ட நேரம் நகத்தைக் கடிக்க வைக்கும் பதற்றத்தை அவர் வாங்கிக்கொண்டார்.

இதில் நேரக் கணக்கும் இருக்கிறது. ஒரு திருப்பத்தை உடைத்தால் அதை விளக்க மூன்று, நான்கு நிமிட பிளாஷ்பேக் வேண்டும். ஏற்கெனவே பார்த்த ஷாட்டுகளை ஃபிளாஷ் கட்டாக மறுபடி ஓட்டி, விட்டுப்போன ஒன்றிரண்டைச் சொருகுவார்கள். ஐந்து திருப்பத்துக்கு அதுவே பதினைந்து, இருபது நிமிடம். அரை மணி நேரத்தில் அது போனால் மிச்சம் எவ்வளவு? உண்மை தெரிந்த பிறகு மகள் அப்பாவின் முகத்தை எப்படிப் பார்த்தாள் என்ற ஒரு சீனுக்கு அங்கே இடமே இல்லை. அந்த சீனுக்காகத்தான் திருப்பமே. அதை எடுக்கவில்லை என்றால் திருப்பம் வெறும் தகவல். மூன்றாவது திருப்பத்துக்குப் பிறகு யார் செத்தாலும் தியேட்டரில் யாரும் கலங்குவதில்லை. பத்து நிமிடத்தில் எழுந்து வருவான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

இந்தக் கூடுதல் திருப்பங்களில் பல, படப்பிடிப்புக்கு முன் எழுதிய சீன் பேப்பரில் இருந்தே இருக்காது. முதலில் தொகுத்த ரஃப் கட்டைப் பார்த்துவிட்டு, “க்ளைமேக்ஸ்ல இன்னும் ஒண்ணு வேணும்” என்று யாரோ சொன்ன பிறகு சேர்ப்பது. கண்டுபிடிக்கவும் எளிது. முதுகு காட்டி நிற்கும் ஷாட்டில் டப்பிங்கில் புது வசனம் ஏறியிருக்கும். பிறகு தனியாக எடுத்து ஒட்டும் பேட்ச் ஒர்க்கில் நடிகரின் முடியும் தாடியும் வேறு நீளத்தில் இருக்கும். வாய்ஸ் ஓவர் திடீரென்று முளைக்கும். அதுவும் முடியாதபோது, அவனுக்கு இரட்டைப் பிறவி இருந்தான் என்றோ, அவனுக்கே தெரியாமல் இன்னொருவனாக மாறிவிடுகிறான் என்றோ வரும். மனநோயாளிகளைக் கொலைகாரர்களாகக் காட்டித் தப்பிக்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றி ஒரே ஒரு முறையாவது கடுமையாக எழுதுவீர்கள் என்று வருடக்கணக்காக எதிர்பார்க்கிறோம். அதையும் ‘யாரும் ஊகிக்க முடியாத ட்விஸ்ட்’ என்றுதான் பாராட்டினீர்கள். லீடே வைக்காததை யாரால் ஊகிக்க முடியும்?

இன்னொன்றும் உண்டு. ‘இடைவேளையில் ஒரு ட்விஸ்ட், கடைசியில் இன்னொன்று’ என்று எழுதுவதை நீங்கள் கதையைச் சொல்லிவிடாத கண்ணியமாக நினைக்கிறீர்கள். இருக்கிறது என்று சொன்னாலே போதும், பார்ப்பவர் முதல் சீனிலிருந்து ஒவ்வொரு முகத்தையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார். மாதக்கணக்கில் யோசித்து ஒளித்து வைத்த லீடைத் தேடிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இதைப் பற்றி முன்பே இரண்டு கடிதம் எழுதினேன்; இரண்டும் பிரசுரமாகவில்லை. இடப் பற்றாக்குறை இருந்திருக்கும், புரிந்துகொள்கிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விமரிசனத்தின் கீழே வரும் பெட்டியில் ‘ட்விஸ்ட்’ கட்டத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் படத்தொகுப்புக்கு ஒரு கட்டம் போடுங்கள். இத்தனை வருடத்தில் அதற்கு ஒரு வரிகூட நீங்கள் ஒதுக்கியதில்லை. திருப்பம் உண்டு என்று தலைப்பில் போடுவதையும் படம் வெளியான முதல் இரண்டு வாரத்துக்காவது நிறுத்தி வையுங்கள். அடுத்த இதழிலிருந்தே இது முடியும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சாலிகிராமம், சென்னை.