முதலில் குச்சி, அப்புறம்தான் கத்தரிக்கோல்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் தக்காளிச் செடி ஒருபக்கமாகச் சாய்ந்து, அடி இலைகள் மண்ணில் புரள்கின்றன. இரண்டாவதில் எது நடுத்தண்டு, எது கிளை என்றே பிரித்துப் பார்க்க முடியவில்லை. மூன்றாவதில் உன் கையில் கத்தரிக்கோல். அதைக் கொஞ்சம் கீழே வை. அந்தச் செடி எந்த வகை, எதைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறது என்ற இரண்டும் முடிவாகாமல் ஒரு தளிரைக்கூடக் கிள்ளாதே.

தக்காளியில் புதர் வகை, கொடி வகை என்று இரண்டு உண்டு. விதை உறையில் புதருக்கு டிடர்மினேட், கொடிக்கு இன்டிடர்மினேட் என்று போட்டிருப்பார்கள். புதர் வகை மூன்று நான்கு அடி வளர்ந்ததும் ஒவ்வொரு தண்டின் நுனியிலும் பூங்கொத்து வைத்து, வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். காய்களும் சில வாரங்களுக்குள் ஒட்டுமொத்தமாகப் பழுத்து முடிந்துவிடும். கொடி வகைக்கு நிற்கத் தெரியாது. நோயோ குளிரோ வந்து முடிக்கும்வரை ஏறிக்கொண்டே இருக்கும். ஆறு, எட்டு அடி சாதாரணம். உறையைத் தூக்கிப் போட்டுவிட்டாய் என்றால் செடியிடமே கேட்கலாம். ஒரு பூங்கொத்துக்கும் அடுத்த பூங்கொத்துக்கும் நடுவே எத்தனை இலை என்று எண்ணு. வரிசையாக மூன்று மூன்றாக வந்தால் கொடி. ஒன்று அல்லது இரண்டே இலை இருந்து, நுனியும் பூவில் போய் முட்டி நின்றால் புதர்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், புதர் வகையில் கிளைக்குக் கிளை காய் உண்டு. கிளையைக் கிள்ளினால் விளைச்சலையே கிள்ளி எறிந்த மாதிரி. அதில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முதல் பூங்கொத்துக்குக் கீழே, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் முளைக்கும் பக்கத் தளிர்களை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு கூண்டோ குச்சியோ வைத்துத் தாங்கிக்கொடு. அதற்குமேல் கை வைக்காதே. இனி நான் எழுதுவதெல்லாம் கொடி வகைக்கு.

குச்சியை நாற்று நடும் அன்றே ஊன்றியிருக்க வேண்டும். இப்போது வேர் பரவியிருக்கும், அதனால் மெதுவாகத்தான் இறக்க வேண்டும். ஒன்றரை அங்குலப் பருமனும் ஏழெட்டு அடி நீளமும் உள்ள மரக்கழியோ மூங்கிலோ எடுத்துக்கொள். மண்ணுக்குள் ஒன்றரை அடியாவது இறங்க வேண்டும். காய் பிடித்த செடி கனமானது; மழையில் நனைந்து காற்றும் அடித்தால் அரையடி ஆழத்தில் நிற்கும் குச்சி செடியோடு சேர்ந்து விழும். தண்டிலிருந்து மூன்று நான்கு அங்குலம் தள்ளி, முதல் பூங்கொத்து இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஊன்று. இல்லாவிட்டால் காய் பருக்கும்போது குச்சிக்கும் தண்டுக்கும் நடுவில் மாட்டி நசுங்கும். இறக்கும்போது ஓரிடத்தில் தடுத்தால் ஓங்கி அடிக்காமல் இரண்டு அங்குலம் நகர்த்திப் பார்.

கட்டுவதற்குப் பழைய பருத்தித் துணியை ஒரு அங்குல அகலத்தில் கிழித்துக்கொள், அல்லது சணல் போதும். மெல்லிய நைலான் கயிறும் கம்பியும் வேண்டாம். தண்டு பருக்கும்போது தோலை அறுத்து உள்ளே இறங்கிவிடும். 8 போடுவது போல் கட்ட வேண்டும். குச்சியைச் சுற்றி இறுக்கமாக ஒரு முடிச்சு, பிறகு துணியைக் குறுக்கே மாற்றி, தண்டைச் சுற்றித் தளர்வாக ஒரு வளையம். அந்த வளையத்துக்குள் உன் சுண்டுவிரல் தாராளமாக நுழைய வேண்டும். குறுக்கே போகும் துணி குச்சிக்கும் தண்டுக்கும் நடுவே மெத்தை போல இருந்து உரசலைத் தடுக்கும். கட்டு எப்போதும் ஓர் இலைக்காம்புக்குச் சற்றுக் கீழே வரட்டும், வழுகி இறங்காது. பூங்கொத்துக்கு அடியில் கட்டாதே. ஆட்டத்தில் கொத்தே ஒடிந்துபோகும். செடி எட்டு பத்து அங்குலம் வளரும்போதெல்லாம் ஒரு கட்டு.

எப்போது கட்டுவது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காலையில் தண்டு நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும். சாய்ந்த தண்டை நிமிர்த்தப் போனால் படக்கென்று ஒடியும். பிற்பகலில் சற்றுத் துவண்டு, வளைத்தால் வளையும். அதனால் கட்டுவது பிற்பகல், கிள்ளுவது காலை. உன் சாய்ந்த செடியை ஒரே நாளில் நேராக்க நினைக்காதே. இன்று பாதி, நான்கு நாள் கழித்து மீதி.

கூண்டு வைப்பது சோம்பேறிக்கு நல்லது, தப்பில்லை. ஆனால் கடையில் கிடைக்கும் கூம்புக் கூண்டு பெரும்பாலும் மூன்றடிதான் இருக்கும், கொடி வகைக்குப் பாதி வழியில் கைவிட்டுவிடும். ஆறு அங்குலக் கட்டம் உள்ள கட்டுமானக் கம்பி வலையை ஐந்தடி நீளம் வெட்டி வளைத்தால் பத்தொன்பது அங்குலம் குறுக்களவில் ஒரு உருளை கிடைக்கும். உயரமும் ஐந்தடி இருக்கட்டும். கட்டம் சின்னதானால் கையும் நுழையாது, பழமும் வெளியே வராது. இரண்டு பக்கமும் குச்சி அடித்துக் கூண்டை அதோடு கட்டிவிடு. கூண்டுச் செடியில் மூன்று நான்கு தண்டுவரை விடலாம், கவாத்து வேலையும், அதாவது கிள்ளுவதும் வெட்டுவதும், குறைவு.

மேலே பிடிமானம் இருந்தால் கயிறுதான் என் முதல் தேர்வு. ஏழடி உயரத்தில் ஒரு கம்பியோ குறுக்குச் சட்டமோ கட்டி, அதிலிருந்து ஒரு கயிறு தொங்கவிடு. அடியில் தண்டைச் சுற்றித் தளர்ந்த வளையம். செடி வளர வளரக் கயிறைத் தண்டின் மேல் சுற்று, இரண்டு மூன்று இலைக்கு ஒரு சுற்று, எப்போதும் ஒரே திசையில். செடியைப் பிடித்துக் கயிற்றில் முறுக்கினால் நுனி ஒடியும். நுனி நான்கு அங்குலத்தைத் தொடவே தொடாதே. மேலே இரண்டு மூன்று அடிக் கயிறு மிச்சம் வைத்துக் கட்டியிருந்தால், செடி கம்பியைத் தொட்ட பிறகு அதை இளக்கிச் செடியைக் கொஞ்சம் இறக்கிப் பக்கவாட்டில் நகர்த்திக்கொள்ளலாம்.

இப்போது கத்தரிக்கோல் பற்றி. முக்கால்வாசி நாள் அது தேவையே இல்லை, விரல் போதும்.

இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் ஒரு கக்கம் இருக்கிறது. அந்தக் கக்கத்திலிருந்து குட்டிச் செடி மாதிரி ஒன்று முளைக்கும். அதுதான் பக்கத் தளிர். விட்டால் அதுவும் இலை, பூ, காய், தன் கக்கத்தில் இன்னொரு தளிர் என்று முழுச் செடியாகவே ஆகிவிடும். உன் இரண்டாவது படத்தில் இருக்கும் காடு அப்படி வந்ததுதான். புதிதாகச் செய்கிறவர்கள் இதையும் பூங்கொத்தையும் குழப்பிக்கொள்வார்கள். பூங்கொத்து கக்கத்தில் வராது. இரண்டு இலைகளுக்கு நடுவே வெறும் தண்டிலிருந்து நேராகக் கிளம்பும். இலைக்கு நுனியில் வளரும் மொட்டு கிடையாது, தளிருக்கு உண்டு. சந்தேகமாக இருந்தால் இரண்டு நாள் பொறு, தன்னாலேயே தெரிந்துவிடும்.

தளிர் இரண்டிலிருந்து நான்கு அங்குலம் இருக்கும்போது, பனி உலர்ந்த காலையில், அடியில் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து இடமும் வலமும் ஒருமுறை அசை. சுத்தமாக உடைந்து வரும். அந்தச் சின்னக் காயம் சீக்கிரம் உலர்ந்துவிடும். கீழ்நோக்கி இழுக்காதே, தண்டின் தோல் நார்நாராக உரியும். பத்துத் தளிர் கிள்ளுவதற்குள் விரல் நுனி மஞ்சளும் பச்சையுமாகப் பிசுபிசுத்து, சோப்புப் போட்டால் நுரையே பச்சையாக வரும். பயப்படாதே, தண்டிலும் இலையிலும் இருக்கும் நுண்ணிய முடிகளின் பிசின்தான் அது.

எத்தனை தண்டு விடுவது? உனக்கு நான் இரண்டு என்பேன். முதல் பூங்கொத்துக்கு நேர் கீழே இருக்கும் தளிர்தான் எல்லாவற்றிலும் வீரியமானது. அதை இரண்டாவது தண்டாக வளரவிட்டு, அதற்குக் கீழே உள்ளவற்றை முழுவதும் எடுத்துவிடு. மேலே வருபவற்றை வாரம் ஒருமுறை கிள்ளு. செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி வேண்டும். ஒற்றைத் தண்டானால் ஒன்றரை அடி போதும். காய் பெரிதாகவும் கொஞ்சம் முந்தியும் வரும், ஆனால் ஒரு செடிக்கு எண்ணிக்கை குறையும். கிளைகளை அப்படியே விட்ட செடியில் எண்ணிக்கை கூடும், காய் சிறுக்கும், உள்ளே காற்று போகாது. இதில் எது சரி என்று சண்டை போடுகிறவர்களை நம்பாதே. உன்னிடம் எவ்வளவு இடம் இருக்கிறது, வாரத்துக்கு எத்தனை முறை செடிப் பக்கம் போவாய் என்பதுதான் கணக்கு.

பென்சில் பருமன் தாண்டிய தளிர்களை விரலால் உடைக்க வேண்டாம், அங்கேதான் கத்தரிக்கோல். அதுவும் ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டாதே. உன் செடியில் அப்படிப்பட்ட கிளைகள் ஐந்தாறு தெரிகின்றன. வாரத்துக்கு இரண்டு போதும். வெயில் கடுமையாக இருக்கும் இடத்தில் இன்னொரு வழியும் உண்டு: தளிரை முழுக்க எடுக்காமல், இரண்டு இலை விட்டு நுனியை மட்டும் கிள்ளு. அந்த இலைகள் காய்க்கு நிழலாக நிற்கும். நிழல் திடீரென்று போன காய், வெயில் படும் பக்கத்தில் முதலில் வெளுக்கும், பிறகு காகிதம் போலச் சுருங்கும், கடைசியில் அங்கே பூஞ்சணம் ஏறும். அதிகமாகக் கவாத்து செய்ததற்கு முதல் அடையாளம் இதுதான்.

அடி இலை விஷயம் வேறு. தண்ணீர் ஊற்றும்போதும் மழையிலும் மண் தெறித்து, அதிலுள்ள கருகல் நோய்ப் பூஞ்சை அந்த இலைகளில்தான் முதலில் ஏறும். வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி வந்து இலை மஞ்சளானால் அதுதான். செடி முழங்கால் உயரம் தாண்டியதும் தரையிலிருந்து ஓர் அடிவரை உள்ள இலைகளை ஒரு தடவைக்கு இரண்டு மூன்றாக எடுத்துவிடு. காம்பை மிச்சம் விடாமல் தண்டை ஒட்டி வெட்டு. மிச்சம் நிற்கும் காம்பு அழுகி அதன் வழியே நோய் தண்டுக்குள் இறங்கும். மண்ணின் மேல் காய்ந்த சருகோ வைக்கோலோ இரண்டு அங்குலம் போட்டுவை.

செடி நனைந்திருக்கும்போது கிள்ளாதே, நோய்க் கிருமி ஈரத்தில்தான் கைமாறும். ஒரு செடி சந்தேகமாகத் தெரிந்தால் அதை வரிசையில் கடைசியாகத் தொடு. கத்தரிக்கோலைச் செடிக்குச் செடி எழுபது சதவீத ஆல்கஹாலில் துடை. புகையிலை தொட்ட கையோடு யாரையும் செடிப் பக்கம் விடாதே. தேமல் வைரஸ் புகையிலையில் காய்ந்த நிலையிலும் உயிர்ப்போடு இருந்து தக்காளிக்குத் தாவும். உன் வீட்டில் யார் என்று பெயர் சொல்ல மாட்டேன், சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்.

கவாத்து செய்த சில நாளில் அடி இலைகள் மேல்நோக்கிக் கிண்ணம் போலச் சுருண்டு தடித்தால் பதறாதே. அது நோயில்லை, காய்ப்பதையும் கெடுக்காது. அதற்கு மாறாக நுனித் தளிர்கள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகிச் சுருண்டால் இலைக்கு அடியில் வெள்ளை ஈ இருக்கிறதா என்று பார். அது இலைச்சுருட்டு வைரஸாக இருக்கலாம், வந்த செடி தேறாது, பிடுங்கிவிடு. காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும், அதைச் சுமந்துபோகும் தண்ணீர்தான் ஒருநாள் வெள்ளமாகவும் நாலு நாள் வறட்சியாகவும் இருந்திருக்கும். குச்சியில் கட்டிக் கிள்ளிய செடியில் இது கூடுதலாக வரும், அதனால் நீ தண்ணீர் விடுவதில் ஒழுங்கு தவறக் கூடாது. தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தையும் குறை. அது கூடினால் நீ கிள்ளக் கிள்ளத் தளிர் வரும், பூங்கொத்தின் நுனியிலேயேகூட இலை முளைக்கும். அந்த இலைத் தளிரையும் கிள்ளிவிடு.

நிமிர்த்தும்போது நுனி ஒடிந்துபோனால் உட்கார்ந்து அழ வேண்டாம். மேலே இருக்கும் நல்ல தளிர் ஒன்றைக் கிள்ளாமல் விட்டு அதையே தலையாக்கிக்கொள். தண்டு முழுக்க அறாமல் மடிந்து மட்டும் இருந்தால் நேராக்கி, சின்னக் குச்சி வைத்து டேப் சுற்று. பெரும்பாலும் கூடிவிடும், அந்த இடம் முண்டாகத் தடித்திருக்கும். வெட்டிய கிளைகளில் ஆறங்குலத் துண்டுகளைத் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் வேர் விடும், அவையும் செடிதான்.

பருவம் முடிய ஐந்தாறு வாரம் இருக்கும்போது, கடைசியாகப் பிஞ்சு பிடித்த கொத்துக்கு மேல் இரண்டு இலை விட்டு நுனியை வெட்டிவிடு. பிஞ்சு பழமாக ஆறு வாரத்துக்கு மேலும் ஆகலாம், அதற்குப் பிறகு வைக்கும் பூவால் உனக்குப் பயனில்லை.

நாளைக் காலை கொத்துக்கு நடுவே இலையை எண்ணிவிட்டு, மூன்றா ஒன்றா என்று மட்டும் எனக்கு எழுது. குச்சி ஊன்றிய பிறகு பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு, முதல் பூங்கொத்தும் அதற்குக் கீழே உள்ள தளிரும் தெரிகிற மாதிரி. எந்த இரண்டை முதலில் வெட்டுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா