பேத்தியின் மோரிஸ் ஆட்டம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்திருப்பதில் மகிழ்ச்சி. என் பேத்தி இங்கிலாந்தின் நாட்டார் ஆட்டமான மோரிஸ் ஆடுகிறாள் என்று எழுதியதற்கு, அது தாடிக்காரர்கள் காலில் மணி கட்டிக் கைக்குட்டை வீசி ஆடுவதல்லவா என்று கேட்டிருந்தாய். இங்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர், செஷயர் ஊர்களில் சிறுமியர் ஆடும் கார்னிவல் மோரிஸ் வேறு வகை. இரு கைகளிலும் ‘ஷேக்கர்’ எனப்படும் பளபளக்கும் குஞ்சங்களைப் பிடித்து, வரிசையாக நின்று, ஒலிபெருக்கியில் ஒலிக்கும் பாப் பாடலுக்கு எல்லோரும் ஒரே உயரத்துக்குக் காலைத் தூக்கி ஆடுவார்கள். முன்பு ஆண்களும் ஆடியது, இரு உலகப் போர்களுக்கும் இடையில் பெரும்பாலும் சிறுமியரின் ஆட்டமாகிவிட்டது. நட்ஸ்ஃபர்டில் 1864-இல் தொடங்கிய மே விழாவைப் போன்ற ஊர் ஊர்வலங்களே இதன் தாய்வீடு.

1899-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆக்ஸ்ஃபர்டு அருகே ஹெடிங்டனில் மோரிஸ் ஆட்டத்தைக் கண்டு வியந்த நாட்டார் கலைச் சேகரிப்பாளர் செசில் ஷார்ப்பின் வழியில் நாட்டார் ஆடல்களைத் தேடித்தேடிச் சேகரித்தவர்கள், கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்த இச்சிறுமியரை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. ‘ஃப்ளஃபி மோரிஸ்’ என்று, ஏதோ பஞ்சுப்பொதியைச் சொல்வதுபோல், ஒரு பெயரையும் சூட்டினார்கள். ஆடுகிற பிள்ளைகளுக்கோ இது வெறும் மோரிஸ்தான். நின்றுபோன ஆட்டத்தை ஏட்டைப் பார்த்து உயிர்ப்பித்தால் மரபு, தாயிடமிருந்து மகளுக்கு அறுபடாமல் வந்தால் பொழுதுபோக்கு என்பது என்ன நியாயமோ!

பேத்தியின் குழுவுக்குப் பயிற்சியளிக்கும் பெண்மணி சிறுவயதில் அதே குழுவில் ஆடியவர். அவருடைய அம்மா இன்றும் அரங்க வாசலில் அமர்ந்து தேநீர் விற்கிறார். அந்தக் காசும் பரிசுச்சீட்டுப் பணமும் மண்டப வாடகைக்குப் போகின்றன. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி நான்கு வயதுக் குழந்தையின் பின்னால் நின்று, அதன் தோள்களைப் பிடித்து எண்ணிக்கை சொல்லித் தருவதை வாரந்தோறும் பார்க்கிறேன். பஞ்சாலைகள் மூடிய இவ்வூரில் மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் கூடும் இடம் வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. போட்டிகளில் ஒரு கால் பிந்தினாலும் மதிப்பெண் குறைக்கும் நடுவர்களின் கண்டிப்புதான் எனக்குப் பிடிப்பதில்லை; சின்னஞ்சிறுசுகள் அழுதுவிடுகின்றன.

வரும் ஞாயிறும் போட்டி உண்டு. பேத்தியின் வெள்ளைக் காலணிகளைத் துடைத்து வைப்பது இப்போது என் வேலை. அவை எதிரே காத்திருப்பதால் இத்துடன் முடிக்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி